கையால செஞ்ச காலண்டர்: கிறிஸ்மசுக்குக் குடுக்கணும்னா நவம்பர் 1-லயே உக்காரணும்

கிறிஸ்மசுக்கு யாருக்கு என்னத்த குடுக்கதுன்னு வருசா வருசம் ஒரு மண்டையிடி. கேக்கு குடுத்தா அவங்க வீட்டுலயும் நாலு கேக்கு கெடக்கும், முந்திரிக்கொத்து குடுத்தா நம்ம டப்பாவுலயே அவங்க வீட்டு முந்திரிக்கொத்து திரும்பி வரும், துணி எடுத்தா அளவு சேராது. அதனால நாலஞ்சு வருசமா நான் காலண்டர்தான் செஞ்சு குடுக்கேன், பேப்பர் வெட்டி ஒட்டி, கையால. அது எப்படின்னு கேட்டவங்களுக்காக எழுதுறேன், நீளமா போகும், ஒரு கட்டஞ்சாயா போட்டு வச்சுக்கிட்டு வாசிங்க.

பேப்பர், கத்திரி, பசை எல்லாம் அப்புறம். முதல்ல ஒரு பழைய நோட்டு எடுங்க. ஏன்னா அச்சு காலண்டரோட நாம போட்டிக்கு நிக்க முடியாது, சிவகாசியில ஆடி 18-க்கே அடுத்த வருசத்து காலண்டர் ஆல்பம் வெளிய விட்டுருவாங்க, டிசம்பர் வந்தா நகைக்கடை, துணிக்கடை, மருந்துக்கடைன்னு எல்லாரும் சும்மாவே குடுப்பாங்க, ராகுகாலம் எமகண்டம் நல்ல நேரம் எல்லாம் அதுலயே இருக்கும். அப்ப நாம செய்யத எதுக்குய்யா சுவத்துல மாட்டணும்? அவங்களுக்குன்னு உள்ள தேதி அதுல இருக்கணும், அதாக்கும் விசயம். படம் கொஞ்சம் கோணலா இருந்தாலும் மாட்டுவாங்க, தேதி அவங்களோடதா இல்லன்னா பீரோவுக்குப் பின்னால போயிரும்.

அதனால நோட்டுல ஆளுக்கு ஒரு பக்கம். பிறந்தநாள், கல்யாண நாள், செத்தவங்க ஆண்டு நாள் (இத விட்டுராதீங்க, பெரியவங்க முதல்ல தேடுறது இதத்தான்), அப்புறம் அவங்க ஊரு விசேசம். நவம்பர் 1 நமக்கு முக்கியம், 1956-ல குமரி தமிழ்நாட்டோட சேந்த நாள். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழாவோட கடைசி நாள், மாவட்டத்துக்கே உள்ளூர் லீவு, ஆனா மதுரைக்காரனுக்கும் சேத்து அடிக்கிற காலண்டர்ல அது செவப்பா வருமா? வராது. மார்கழியில சுசீந்திரம் தேரு, மாசியில மண்டைக்காடு கொடை, இதெல்லாம் வருசத்துக்கு வருசம் தேதி மாறும், அதனால நிச்சயமா தெரியுற வரைக்கும் எழுதாதீங்க, அதுக்கு ஒரு வழி இருக்கு, பின்னால சொல்லுறேன்.

எங்க மாமிக்கு வீடு கொளச்சல்ல, கடற்கரைக்கு நாலு தெரு தள்ளி. இளைய கொழுந்தன் விசைப்படகுல போறாரு. மாமிக்கு நான் குறிச்சுக் குடுத்ததுல அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சது மீன்பிடித் தடைக்காலம்தான். நம்ம மாவட்டத்துல அது ரெண்டு, வெளியூர்க்காரங்களுக்குச் சொன்னா நம்ப மாட்டாங்க. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடல் கணக்கு, ஏப்ரல் 15-லேந்து ஜூன் 14 வரை. முட்டம், கொளச்சல், தேங்காப்பட்டணம் எல்லாம் மேற்குக் கணக்கு, ஜூன் 1-லேந்து ஜூலை 31 வரை. ரெண்டும் 61 நாளுதான். அந்த நாளு கட்டத்துக்கெல்லாம் லேசா நீல கலர் பென்சில் தேச்சு விட்டேன், அவ்வளவுதான் வேலை, ஆனா மாமி அத எத்தன பேருக்குக் காட்டினாங்கன்னு கணக்கே இல்ல.

சித்தப்பா மாதிரி வயசானவங்களுக்கு கொல்லம் ஆண்டும் (மலையாள வருசக் கணக்கு) ஒரு ஓரத்துல போடுங்க, பழைய பத்திரம் எல்லாம் அந்தக் கணக்குலதான இருக்கு. ஆவணி பிறக்கதுக்கு முன்ன இங்கிலீஷ் வருசத்துல 825 கழிக்கணும், பிறந்தப்புறம் 824. அப்பம் 2027 ஆகஸ்ட் நடுவுல 1203 பிறக்கும். இந்த நோட்டு வேலைக்கு ரெண்டு மூணு போன் கால் ஆகும், அதையும் இப்பவே பேசி முடிச்சிருங்க, பாதி ஒட்டிக்கிட்டு இருக்கையில கை பூரா பசையோட போன் எடுக்க முடியாது.

இனி கட்டம் போடுறது. முதல் வருசம் நான் ஒரு அதிகப்பிரசங்கித்தனம் பண்ணினேன், பழைய காலண்டரப் பாத்து ஒரு கிழமை தள்ளி எழுதினா சரியாயிரும்னு நெனச்சு எழுதிக்கிட்டே போனேன், டிவி ஓடிக்கிட்டு இருந்துச்சு, ஜூன் மாசம் மட்டும் தள்ளாம அப்படியே எழுதிட்டேன். ஞாயித்துக்கிழமைக் கல்யாணம் அந்தக் கட்டத்துல சனிக்குக் கீழ வந்துருச்சு, மாமா கிழமைய மட்டும் பாத்துக் கெளம்பி, சனிக்கிழமையே வேட்டி சட்டையோட மண்டபத்துல போய் நின்னாரு, அங்க வேற யாரோ பிள்ளைக்கு சடங்கு. இன்னைக்கும் எங்க வீட்டுல என்ன தேதி சொன்னாலும் "மருமவ காலண்டரா, கடைக் காலண்டரா"ன்னு கேப்பாரு.

அதனால நல்லா கேட்டுக்கிடுங்க. சாதாரண வருசம் 365 நாளு, 52 வாரம் போக ஒரு நாள் மிச்சம், அதனால அடுத்த வருசம் ஒரு கிழமை தள்ளும். 2026 ஜனவரி 1 வியாழன், 2027 ஜனவரி 1 வெள்ளி. லீப் வருசம் தாண்டினா ரெண்டு கிழமை தள்ளும், 2028 சனியில தொடங்கி 2029 திங்கள்ல தொடங்கும். இன்னொரு சூட்சுமம், 12 மாசத்துக்கு 12 கட்டம் எழுத வேண்டாம், லீப் இல்லாத வருசத்துல ஏழு எழுதினா போதும். ஜனவரியும் அக்டோபரும் ஒரே கிழமையில தொடங்கும். பிப்ரவரி, மார்ச், நவம்பர் மூணும் ஒண்ணு. ஏப்ரலும் ஜூலையும் ஒண்ணு, செப்டம்பரும் டிசம்பரும் ஒண்ணு. மே, ஜூன், ஆகஸ்ட் மட்டும் தனித்தனி. 2027-க்கு வேணும்னா: ஜனவரி அக்டோபர் வெள்ளி, பிப்ரவரி மார்ச் நவம்பர் திங்கள், ஏப்ரல் ஜூலை வியாழன், மே சனி, ஜூன் செவ்வாய், ஆகஸ்ட் ஞாயிறு, செப்டம்பர் டிசம்பர் புதன். ஏழு தாள்லயும் 31 வரைக்கும் எழுதிருங்க, மாசப்பேரு எழுத மேல இடம் விடுங்க, ஜெராக்ஸ் எடுக்கையில 30 நாள் மாசத்துக்கு 31 மேலயும், பிப்ரவரிக்கு 29, 30, 31 மேலயும் ஒரு வெள்ளத்தாள் துண்டு வச்சு மறைச்சுக்கலாம். மாசப்பேர மட்டும் ஒவ்வொண்ணுலயும் கையால எழுதுங்க, அதுதான் பாக்க அழகு.

எழுதி முடிச்சப்புறம் சரியா இருக்கான்னு பாக்க ஒரு சோதனை. எந்த வருசமா இருந்தாலும் ஏப்ரல் 4, ஜூன் 6, ஆகஸ்ட் 8, அக்டோபர் 10, டிசம்பர் 12 இந்த அஞ்சும் ஒரே கிழமையிலதான் வரும். மே 9, செப்டம்பர் 5, ஜூலை 11, நவம்பர் 7 இதுவும் அதே கிழமை. 2027-ல இது எல்லாம் ஞாயிறு. ஒண்ணு மாறி நின்னாலும் அந்த மாசம் தப்பு. இது அன்னைக்குத் தெரிஞ்சிருந்தா மாமா மண்டபத்துக்குப் போயிருக்க மாட்டாரு.

தாள் அளவு: ஏ4 தாள ரெண்டா வெட்டி படுக்க வச்சா 21 செ.மீ. அகலம், 14.8 உயரம். நெடுக்க ஏழு கட்டம், ஒண்ணு 2.8 செ.மீ. வரிசை ஆறு போடுங்க, ஒண்ணு 1.8. அஞ்சு போதுமேன்னு தோணும், ஆனா 2027-ல ஜனவரி, மே, அக்டோபர் மூணும் ஞாயித்துல தொடங்குற கட்டத்துல ஆறாவது வரிசைக்குப் போகும். கிழமைப் பேருக்கு 1 செ.மீ., மாசப்பேருக்கு 2, மேல கட்டுறதுக்கு 1, கணக்கு சரியா வந்துரும். ஒரு காலண்டருக்கு ஆறு ஏ4. ஜெராக்ஸ் கடைல போடுற சாதா தாள் 75, 80 ஜிஎஸ்எம் (தாளோட கனம்), அதுல ஸ்கெட்ச் பேனா எழுதினா பின்பக்கம் ஊறும், முடிஞ்சா 100-க்கு மேல கேட்டு வாங்குங்க.

அடியில வைக்கதுக்கு அட்டை கடைல வாங்காதீங்க. போன வருசத்து தினத்தாள் காலண்டர் எல்லா வீட்டுலயும் கெடக்கும், தாள் எல்லாம் கிழிச்சப்புறம் அந்த அட்டை சும்மாதான இருக்கு, மேல மாட்டுறதுக்கு ஓட்டை உட்பட எல்லாம் தயார். அகலம் 23 செ.மீ.க்கு மேல இருக்கான்னு மட்டும் பாருங்க. அதுல சாமி படமோ மாதா படமோ இருந்தா அதுக்கு மேலயே பசை தடவ எனக்கு மனசு வராது, ஈரத்துணி வச்சு நனச்சு பையப் பிரிச்சு எடுத்துட்டு, அட்டைய நல்லா காய வச்சப்புறந்தான் வேலைய ஆரம்பிப்பேன்.

படத்துக்கு பேப்பர் எங்கன்னு கேக்காதீங்க, கல்யாணப் பத்திரிகை. ஆவணி முகூர்த்தத்துக்கு வந்தது, தை முகூர்த்தத்துக்கு வந்ததுன்னு ஒரு கட்டு சேந்துருக்கும், நல்ல கெட்டித் தாளு, தங்கக் கலர், மெரூன், மினுமினுப்பு, இவ்வளவு வகை எந்தக் கடைலயும் கெடைக்காது. போதாததுக்கு சார்ட் பேப்பர் நாலு கலர்.

முதல்ல நான் பன்னெண்டு தாள்லயும் பன்னெண்டு படம் ஒட்டினேன், க்வில்லிங் (பேப்பர் பட்டியச் சுருட்டி ஒட்டுறது) எல்லாம் சுத்தி. சவம், எல்லாத்தையும் சேத்து அடுக்கினா தலகாணி மாதிரி பொம்மிக்கிட்டு நின்னுச்சு, ரெண்டாம் மாசத்துலயே சுருள் எல்லாம் நசுங்கிருச்சு. அதுக்கப்புறம் கண்டுபிடிச்சதுதான் இது: படம் அட்டைல மட்டும், ஒரே படம், எவ்வளவு மேடா வேணும்னாலும் இருக்கலாம். கீழ பன்னெண்டு தாள் கட்டு, தட்டையா. ஒரு ஆளுக்கு ஒரு படம்தான், நல்லா யோசிச்சுச் செய்யலாம்.

மாமிக்கு வள்ளம் செஞ்சேன். கடல் மட்டும் நாலு நீலம், ஒவ்வொண்ணும் அலை மாதிரி கிழிச்சது, வெட்டினது இல்ல. பேப்பர கையால கிழிச்சா ஓரத்துல ஒரு வெள்ளைக் கோடு தெரியும்ல, அதுதான் நுரை. ஒவ்வொரு அலைக்கும் இடையில சின்ன அட்டைத்துண்டு வச்சு ஒட்டினா நிழல் விழும்.

சவுதியில இருக்க மூத்த கொழுந்தனுக்கு வள்ளுவர் சிலை. அதுக்கு ஒரு கணக்கு இருக்கு, பீடம் 38 அடி, சிலை 95 அடி, ரெண்டும் சேந்து 133. 38-க்கு 95ன்னா சரியா 2-க்கு 5. அப்பம் பீடம் 4 செ.மீ. வெட்டினா சிலை 10 செ.மீ. நிறைய பேரு பீடத்த சின்னதா வெட்டிருவாங்க, அப்புறம் எதோ ஒண்ணு இடிக்கும், என்னன்னு தெரியாது, இதுதான் அது. பக்கத்துல விவேகானந்தர் பாறை, இப்ப நடுவுல கண்ணாடிப் பாலமும் வந்தாச்சே, அதுக்கு பிஸ்கட் பாக்கெட்டுல வர்ற பிளாஸ்டிக் தாள் ஒரு துண்டு. இன்னொண்ணு, சவுதி, குவைத் பக்கம் வார லீவு வெள்ளி சனி, அதனால அவருக்குள்ள கட்டத்துல வெள்ளியும் செவப்புலதான் எழுதினேன். துபாய்ல இருக்கவங்களுக்கு 2022-லேந்து சனி ஞாயிறு. யாரு எங்க இருக்காங்கன்னு பாத்து எழுதுங்க.

சித்தப்பாவுக்கு வீடு குலசேகரம் பக்கம், அவருக்கு மாத்தூர் தொட்டிப்பாலம். சாம்பல் கலர் அட்டைல தூண் நீளமா வெட்டி, நடுவுல மடிச்சு, மடிப்பு வெளிய துருத்திக்கிட்டு இருக்க மாதிரி ஒட்டினா அசலு தூண் கணக்கா நிக்கும். 28 தூணையும் வெட்டணும்னு ஆசப்படாதீங்க, ஏழு போதும், ஓரத்துக்குப் போகப் போக சின்னதாக்குங்க. இங்க மடிப்பு வெடிக்காம இருக்க ரெண்டு காரியம். மை தீந்த பேனாவ ஸ்கேல் வச்சு அழுத்திக் கோடு இழுத்துட்டு அப்புறம் மடிங்க. அதுக்கும் முன்ன தாள ரெண்டு பக்கமும் லேசா வளச்சுப் பாருங்க, ஒரு பக்கம் சுலபமா வளையும், ஒரு பக்கம் முறுக்கும். சுலபமா வளையுற போக்குலதான் மடிப்பு வரணும்.

தோவாளை பெரியம்மாவுக்கு வேற என்ன, பூதான். க்வில்லிங் பட்டி 5 மி.மீ. அகலத்துல வெட்டி, தீக்குச்சில சுத்தி, கொஞ்சம் தளர விட்டு, நுனியில ஒரு சொட்டு பசை. மஞ்சளும் ஆரஞ்சுமா முப்பது நாப்பது சுருள் இருந்தா கேந்திப்பூ கொட்டி வச்ச மாதிரி இருக்கும். இது பிள்ளையளுக்குக் குடுக்கக்கூடிய வேலை, டிவி பாத்துக்கிட்டே சுத்துவாங்க, கட்டர் மட்டும் அவங்க கைல படக்கூடாது.

பசையப் பத்திச் சொல்லாம முடியாது. அட்டைல பெரிய தாள் ஒட்ட எங்க வீட்டுல மரச்சீனி (மரவள்ளி) மாவுப் பசைதான், மாவு ஒரு ஸ்பூன், பச்சத்தண்ணி எட்டு ஸ்பூன், நல்லா கரைச்சப்புறம் அடுப்புல சின்னத் தீயில கிண்டணும், வெள்ளை மாறி கண்ணாடி மாதிரி வந்ததும் இறக்கிருங்க. மைதாவும் பரவால்ல. ரெண்டையும் ரெண்டு நாளுக்கு மேல வச்சா புளிச்சு நாறும், அப்பப்ப கொஞ்சமா காச்சுங்க. மேல ஒட்டுற சின்னத் துண்டுகளுக்கு இது வேண்டாம், தண்ணி ஊறி சுருங்கிரும், அதுக்கு பெவிகால் தீக்குச்சி நுனியால. ஒட்டின அட்டைய பழைய பேப்பருக்கு நடுவுல வச்சு மேல டிக்சனரி, அதுக்கு மேல அம்மிக்குழவி, ஒரு ராத்திரி. நமக்கு ஜூன்லயும் மழை, அக்டோபர் நவம்பர்லயும் மழை, அந்த ஈரத்துல பாரம் வைக்காம காய வச்சா அட்டை அப்பளம் மாதிரி வளஞ்சு நிக்கும். வெட்டின தாள் எல்லாம் பிளாஸ்டிக் கவர்ல போட்டு, செருப்பு டப்பாவுல வர்ற, ஈரம் உறிஞ்சுற அந்த மணிப் பொட்டலத்தையும் உள்ள போட்டு வைங்க.

அடுத்தது தாளக் கட்டுறது, இதுலயும் நான் ஒரு தடவ பட்டாச்சு. ஸ்டேப்ளர் பின் அடிச்சுக் குடுத்தேன், கொளச்சல் உப்புக்காத்துல மார்ச் மாசமே துரு ஏறி, மஞ்சக் கறையா தாள்ல இறங்கி, ஏப்ரல் தாளு தானா கீழ விழுந்துச்சு. இரும்பு எதுவும் வேண்டாம். பஞ்சிங் மிஷின் எட்டு செ.மீ. இடைவெளில ரெண்டு ஓட்டை போடும், அதே அளவுக்கு அட்டைலயும் ஆணியால ஓட்டை போட்டு, மீன்வலை நூலால கட்டி பின்னால முடிச்சு. கடற்கரைப் பக்கம் சொந்தம் இருந்தா வலை நூலு சும்மாவே தருவாங்க, துருவும் ஏறாது, அறவும் அறாது. ஆனா கட்டுறதுக்கு முன்ன இன்னொரு வேலை இருக்கு: தாளோட மேல் ஓரத்துலேந்து ஒண்ணரை செ.மீ. கீழ, தையல் மிஷின்ல நூல் கோக்காம ஒரு ஓட்டு ஓட்டுங்க. ஊசி குத்தின வரிசை புள்ளி புள்ளியா விழும், மாசம் முடிஞ்சதும் பிசிறு இல்லாம சர்ருன்னு கிழிச்சிரலாம். மூணு மூணு தாளா வைங்க, பன்னெண்டையும் சேத்து வச்சு ஊசிய ஒடிச்சுட்டு என்னைத் திட்டக்கூடாது.

முன்ன சொன்னேனே, தேதி மாறுற விசேசத்துக்கு ஒரு வழின்னு. மிச்சம் விழுற தங்கக் கலர் துண்டுல சின்னச் சின்ன நட்சத்திரம், பிறை, விளக்கு, தேர் எல்லாம் ஒரு செ.மீ.க்குள்ள வெட்டி ஒரு சின்னக் கவர்ல போட்டு கூடவே குடுத்துருங்க. பெருநாள் பிறை பாத்து, சுசீந்திரம் தேரு நோட்டீஸ் பாத்து அவங்களே ஒட்டிக்கிடுவாங்க. ஈஸ்டர் மாதிரி முன்னமே கணக்குல இருக்கது நாமளே போட்டுக்கலாம், 2027-ல மார்ச் 28.

ஆபீஸ் மேசைக்கு வேணும்னு கேக்குறவங்களுக்கு ரெண்டு கட்டை காலண்டர் செஞ்சு குடுங்க, வருசம் மாறினாலும் தூக்கிப் போட வேண்டாம். கெட்டி அட்டைல 5 செ.மீ. சதுரப் பெட்டி ரெண்டு. ஒண்ணுல 0 1 2 3 4 5, இன்னொண்ணுல 0 1 2 6 7 8. ஒம்பது எங்கன்னு பிள்ளையள்ட்ட கேளுங்க, ஆறத் தலைகீழா வச்சா ஒம்பது. 0, 1, 2 மூணும் ரெண்டுலயும் இருந்தே ஆகணும், 11, 22 வரணும்ல, 01-லேந்து 09 வரை எல்லாத்துக்கும் 0-வும் வேணும்ல. கீழ மாசத்துக்கு 10 செ.மீ. நீளத்துல, ஒண்ணரை செ.மீ. தடிமன்ல நாலு பக்கமுள்ள குச்சிப் பெட்டி மூணு, மூணு நாலு பன்னெண்டு மாசமாச்சு. ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வச்சு மேல ரெண்டு கட்டையும் உக்கார வச்சா முன்னால இருக்க மாசம் மட்டும் தெரியும்.

நேரம் எவ்வளவு ஆகும்னா, நான் நவம்பர் 1 அன்னைக்கு நோட்டோட உக்காந்து டிசம்பர் 3-க்குள்ள கட்டி முடிச்சிருவேன், அஞ்சு காலண்டருக்கு அது போதும். டிசம்பர் நடுவுல தொடங்கினா குடில் வேலை, ஸ்டார் வேலை, பலகார வேலை எல்லாம் ஒண்ணா வந்து விழும், அப்பம் காலண்டர் பொங்கலுக்குத்தான் போகும். சவுதிக்கு உள்ளத அதுக்கும் முன்னாலயே ஊருக்கு வந்துட்டுப் போறவங்க யாரு கைலயாவது குடுத்து விடணும், ரெண்டு அட்டைக்கு நடுவுல வச்சு, சட்டைக்கு அடியில படுக்க வைக்கச் சொல்லி.

கடைசியா அட்டைக்குப் பின்னால ஒரு கவர் ஒட்டுங்க, மூணு பக்கம் பசை, மேல தொறந்து. கிழிச்ச மாசத்தாள அதுல போட்டு வைக்கதுக்கு. தாளோட பின்பக்கத்துல எதுவும் எழுதாம வெறுசா விட்டுருங்க. போன கிறிஸ்மசுக்குப் புதுசு குடுக்கப் போனப்ப மாமியோட பழைய காலண்டரக் கழட்டிப் பாத்தேன், ஜனவரிலேந்து நவம்பர் வரை பதினோரு தாளும் அந்தக் கவர்ல ஒழுங்கா இருந்துச்சு, பின்பக்கம் பூரா பால் கணக்கு, சீட்டு கணக்கு. டிசம்பர் இன்னும் முடியலன்னு பழச என்கிட்ட தர மாட்டேன்னுட்டாங்க, புதுசு ஒண்ணாம் தேதி வரைக்கும் கட்டிலுக்கு அடியிலதான் இருந்துச்சு.